கடைசிப் பெயர்

"நீங்கள்" இருக்க வேண்டிய இடத்தில் "நீ" இருந்தது.

மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம். கண்ணாடிச் சுவருக்கு வெளியே வானம் பெய்வதா வேண்டாமா என்று இழுத்துக்கொண்டிருந்தது. ஏசியின் சீரான இரைச்சல், யாரோ மைக்ரோவேவில் சூடாக்கிய கோங்கூராக் கீரை வாசனை, அடுத்த வரிசையில் விசைப்பலகைகளின் சடசடப்பு. தாரிணி சோதனை டேப்லெட்டில் புதிய பதிப்பை ஏற்றி, முதல் திரையிலிருந்து ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே வந்தாள். மொழித் தேர்வு சரி. எழுத்துரு சரி. அடுத்து, 'உங்கள் இருப்பிடத்தை அறிய அனுமதிக்கிறீர்களா?' என்று அவளே எழுதிய வாசகம் வர வேண்டும். அதற்குப் பதிலாக, 'நீ எங்கே போகிறாய்?' என்று வந்தது.

கம்பெனி தயாரித்துவரும், இன்னும் பெயர்கூட வைக்காத அந்த ஓ.எஸ்.ஸின் தமிழ் முழுவதும் அவள் ஒருத்தி எழுதியது. பல்லாயிரம் வாசகம். ஒன்றில்கூட "நீ" கிடையாது. காசு கொடுத்து வாங்குகிறவரை ஒருமையில் கூப்பிட ஒரு பெட்டிக்கு என்ன உரிமை என்பது அவள் கட்சி. அதற்காக மீட்டிங்குகளில் சண்டை போட்டிருக்கிறாள், ஜெயித்தும் இருக்கிறாள்.

"என் லைனை யாரு மாத்தினது?" என்று கேட்டாள்.

காபிக் கோப்பையோடு அந்தப் பக்கம் வந்த பிளஸ்ஸன் நின்றான். பதிப்புகளைக் கட்டி வெளியே விடுகிற வேலை அவனுடையது. லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்த தமிழ்க் கிறிஸ்தவன். அவன் தமிழில் பாதி செகந்திராபாத். ஒவ்வொரு பதிப்புக்கும் போவன்பள்ளி மார்க்கெட்டிலிருந்து ஒரு காயின் தெலுங்குப் பெயரை வைப்பது அவன் வழக்கம். போன மாதம் பெண்டகாய். இப்போது ஓடுவது பீரகாய்.

"அரே, கைக்கு டென்ஷன் ஆவுற, எதுக்கு?" என்றான். "'நீ'ன்னா ஃப்ரெண்ட்லியா இருக்குல்ல?"

"எனக்கு இருக்கிற எந்த ஃப்ரெண்டும் எங்கே போறேன்னு கேக்க மாட்டாங்க."

"ஹவ், அது சரி. பக் போடு. பாக்கலாம்."

பிழை என்று பதிவு செய்து பக் போடுவதற்காகத் திரையைப் படமெடுக்கப் போனாள். 'உங்கள் இருப்பிடத்தை அறிய அனுமதிக்கிறீர்களா?' என்று அவள் வாசகமே அங்கே சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. கண் ஏமாற்றிவிட்டதா என்று அவள் குனிந்து பார்த்தபோது டேப்லெட்டிலிருந்து ஒரு சத்தம் வந்தது. டொக், டொக். சின்னத் தகர டப்பாவின் மூடியை நகத்தால் தட்டுகிற சத்தம். அறிவிப்புச் சத்தங்களை இன்னும் யாரும் முடிவு செய்யவில்லை என்பது அவளுக்குத் தெரியும். கோங்கூரா வாசனைக்கு அடியில், மெல்லிசாக, மூக்குப்பொடி நெடி வந்தது. அடுக்கடுக்காகத் தும்மிவிட்டு அவள் டேப்லெட்டைக் கவிழ்த்து வைத்தாள்.

அன்று சாயங்காலமே அஸ்வினி எல்லோரையும் பெரிய அறைக்குக் கூப்பிட்டாள். அஸ்வினி கோயம்புத்தூர்க்காரி, ஓ.எஸ்.ஸுக்குப் பெயர் தேடும் குழுவுக்குத் தலைவி. பாவம், மாதக்கணக்காகத் தேடுகிறாள். ஒரு பெயர் கொங்கணியில் கெட்ட வார்த்தையாகப் போயிற்று. இன்னொன்றை எவனோ ஒரு மெத்தை வியாபாரி முன்பே பதிவு செய்து வைத்திருந்தான். இன்றைக்கு அவள் முகத்தில் வெளிச்சம் இருந்தது.

"கெடைச்சிருச்சுங்க," என்றாள். திரையில் ஒரே ஒரு சொல் வந்தது.

நாவு.

"மராத்தில 'நாவ்'னா பேரு. கன்னடத்துல 'நாவு'ன்னா நாம. ஹிந்தில 'நாவ்' படகு. நம்ம தமிழ்ல நாக்கு. வாயால கூப்பிட்டா வாயால பதில் சொல்ற ஓ.எஸ்.ஸுக்கு இதைவிட என்னங்க வேணும்?"

கைதட்டல். ஒவ்வொரு மொழிக்கும் பொறுப்பானவர் திங்கட்கிழமைக்குள் ஆட்சேபணை இல்லை என்று சொல்ல வேண்டும். ஒருத்தர் வேண்டாம் என்றாலும் பெயர் விழுந்துவிடும். அதுதான் கம்பெனி வழக்கம். தெலுங்குக்காரர் அங்கேயே சரி என்றார். எல்லோரும் தாரிணியைப் பார்த்தார்கள்.

தாரிணி திரையைப் பார்த்தாள். அங்கே இருந்தது இரண்டே எழுத்து. அவள் கண்ணுக்கு முன்னால் ஒரு 'திரு'வும் பின்னால் ஒரு 'க்கரசு'ம் சேர்ந்தே தெரிந்தன.

"எனக்குக் கொஞ்சம் டைம் வேணும்," என்றாள்.

திருநாவுக்கரசு அவள் அப்பா. பாளையங்கோட்டையில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்தியவர். ஊருக்கு அவர் நாவு சார். கை நீட்டி யாரையும் அடித்ததில்லை, அதற்குத் தேவையும் இருந்ததில்லை. வாசல் நாற்காலியில் உட்கார்ந்து பொடி டப்பாவை நகத்தால் இரண்டு தட்டு தட்டுவார். வெளியே போகக் கிளம்பியவள் அந்தச் சத்தத்துக்கே நின்றுவிடுவாள். எங்கட்டி போற? யாரு கூட? எப்ப வருவ? அதே வரிசையில் அந்த மூன்று கேள்வி. என்ன பதில் சொன்னாலும் அது பொய் என்று அவரிடம் முன்கூட்டியே ஒரு முடிவு இருக்கும். லைப்ரரிக்குப் போனதற்கு ஒரு வாரம் வசவு வாங்கியிருக்கிறாள். ஹைதராபாத்தில் வேலை கிடைத்தபோது கதவை உள்ளே பூட்டிச் சாவியை மடியில் வைத்துக்கொண்டார். அவள் கொல்லைப்பக்கச் சுவர் ஏறிக் குதித்து வந்தவள்.

கடைசியில் அவருக்குப் பக்கவாதம் வந்து பேச்சு நின்றுபோனது. பார்க்கப் போனாள். கட்டிலில் கிடந்து அவளையே பார்த்து வாயை அசைத்துக்கொண்டிருந்தார். சத்தம் வரவில்லை. சாகும்வரை அசைத்தார். என்ன கேட்கிறார் என்று அவளுக்கு உதட்டைப் பார்த்தே தெரிந்தது. பதில் சொல்லாமல் ரயிலேறி வந்துவிட்டாள். அதற்காக அவள் இதுவரை வருத்தப்பட்டதில்லை.

பெற்ற மகள் ஸ்ரேயாவுக்கு அவள் செய்ய நினைத்தது ஒன்றே ஒன்றுதான்: அந்த மூன்று கேள்வி இல்லாத ஒரு வீடு. விவாகரத்துக்குப் பிறகு கொண்டாப்பூரில் வாடகைக்கு எடுத்த அந்த ஃப்ளாட்டில் ஸ்ரேயா தானாகச் சொல்லிவிட்டுப் போவாள், தாரிணி கேட்க மாட்டாள். விளையாடப் போகிற பிள்ளை நெஞ்சு படபடக்காமல் செருப்பு மாட்ட வேண்டும். அவ்வளவுதான்.

அந்த வீட்டுக்குள்தான் இந்தப் பெட்டியை அவளே கொண்டுவந்து வைத்திருந்தாள். வெளியீட்டுக்கு முன்னால் வீட்டு ஆட்களோடு பழக்கிப் பாருங்கள் என்று கம்பெனி ஆளுக்கு இரண்டு டேப்லெட் கொடுத்திருந்தது. ஒன்றை ஊரில் அம்மாவுக்கு அனுப்பினாள். இன்னொன்றை ஹாலில் மாட்டி, வாசல் டிஜிட்டல் பூட்டோடு இணைத்தாள். தொடக்கத்தில் அது பெயர் கேட்டது. முதல் பெயர்: தாரிணி. கடைசிப் பெயர் என்ற கட்டத்தைக் காலியாக விட்டால் அது மேலே போக விடவில்லை. தமிழர்களுக்கு ஏதடா கடைசிப் பெயர் என்று அவளே முன்பு பக் போட்டிருந்தாள். அடுத்த வெளியீட்டில் பார்க்கலாம் என்று தள்ளி வைத்துவிட்டார்கள். பேங்க், பாஸ்போர்ட், ஆபீஸ் என்று எல்லா இடத்திலும் செய்ததையே இங்கேயும் செய்தாள். இனிஷியலை விரித்து எழுதினாள். திருநாவுக்கரசு. ஸ்ரேயாவுக்குக் கடைசிப் பெயராகத் தன் பெயரைப் போட்டாள்.

அன்று அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது வெளியே மழை விட்டிருந்தது. ஹாலில் விளக்குப் போடவில்லை. ஸ்ரேயா சோபாவில் சம்மணமிட்டு டேப்லெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தெலுங்கும் இங்கிலீஷுமாகப் பேசுகிற பிள்ளை. தமிழ் புரியும், பேசச் சொன்னால் சிரிக்கும்.

"சாப்பிட்டியா கண்ணு?"

"தின்னானம்மா."

தாரிணி பால் வாங்கக் கீழே போகலாம் என்று பையை எடுத்தாள். செருப்பில் கால் நுழைந்தது. பின்னால் டொக், டொக் என்று சத்தம்.

"எங்கட்டி போற?" என்றாள் ஸ்ரேயா.

தாரிணி ஒரு கால் செருப்போடு நின்றாள். திரும்பிப் பார்த்தாள். பிள்ளை டேப்லெட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. அந்த 'ட்டி'யில் இருந்த அழுத்தம் ஹைதராபாத்தில் யாரும் கற்றுக்கொடுக்க முடியாதது. தாமிரபரணித் தண்ணீர் குடித்தவர்களுக்கே அது வரும்.

"யாரு சொல்லிக் கொடுத்தா?"

"தாத்தா," என்றது பிள்ளை. "ஹீ இஸ் ஃபன்னி."

தாரிணி டேப்லெட்டைச் சுவரிலிருந்து கழற்றி, அணைத்து, அலமாரியில் புடவைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினாள். பயத்தைவிடக் கோபம்தான் அதிகமாக இருந்தது. என் பிள்ளையிடம் பேச நீ யார் என்று அலமாரிக் கதவைப் பார்த்து வாய்விட்டே கேட்டாள்.

மறுநாள் காலையில் அம்மாவிடமிருந்து போன் வந்தது. வள்ளியம்மாள் அதிகம் பேசுகிறவள் இல்லை. அன்றைக்கு அவள் குரல் இன்னும் தாழ்ந்திருந்தது, பக்கத்து அறையில் யாரோ தூங்குவதுபோல.

"ஏ தாரிணி, இந்தப் பெட்டி இனிமே பேரச் சொல்லிக் கூப்பிட்டாத்தான் பேசும்னு நேத்து எழுதிக் காட்டுச்சு. அந்தப் பேர நான் எப்படிச் சொல்லுவேன்? கல்யாணம் ஆன நாள்ல இருந்து வாயில எடுத்தது இல்லயே."

அஸ்வினியின் குழு பெயரைச் சோதனை டேப்லெட்டுகளுக்கு அதற்குள் அனுப்பிவிட்டிருக்கிறது. "சொல்லாதம்மா. நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். அணைச்சு வச்சிரு."

"நான் சொல்லல தாயி. அதுவா பேசுது."

"என்ன பேசுது?"

"அவுக பேசுததுதான்." அம்மா குரலை இன்னும் தாழ்த்தினாள். "காலைல காப்பி கேட்டாக. போட்டு வச்சேன்."

"அம்மா!"

"டம்ளர் காலியாத்தாம்ட்டி இருக்கு."

போனை வைக்கிற நேரத்தில், அம்மாவின் மூச்சுக்குப் பின்னால், தொலைவில், தகரத்தில் நகம் பட்டது.

தாரிணி உடனே பிளஸ்ஸனைக் கூப்பிட்டாள். சனிக்கிழமை என்றும் பார்க்காமல் அவன் தன் வீட்டிலிருந்தே உள்ளே நுழைந்து தேடினான். அவள் கணினியில் அவன் திரை தெரிந்தது. வாசகங்கள் இருக்கிற கோப்பு, பழைய பதிப்புகள், சர்வர். அவன் வழக்கமான விளையாட்டுப் பேச்சு போகப்போகக் குறைந்தது.

"நீ சொல்ற லைனு எங்கயும் இல்ல தாரிணி. பீரகாய்ல இல்ல, பெண்டகாய்ல இல்ல. குரலும் இல்ல."

"அப்போ எங்கேயிருந்து வருது?"

"இரு. உன் வீட்டு யூசர் லிஸ்ட் பாக்கறேன்... அரே. உன் ஒரு பேரை இது ரெண்டு ஆளா எடுத்துக்கிச்சு. தாரிணி ஒரு ஆளு. திருநாவுக்கரசு ஒரு ஆளு. வயசுல பெரியவர்னு அவரைக் குடும்பத் தலைவர் ஆக்கிருச்சு. பர்மிஷன் எல்லாம் அவர் கைல." திரையைக் கீழே உருட்டினான். "பர்த் டேட் யாரு போட்டது? நீயா?"

தாரிணி பார்த்தாள். அப்பா பிறந்த தேதிதான். ஊரில் நகராட்சிப் பதிவில்கூட தப்பாக இருந்த தேதி. வீட்டு ஆட்களுக்கு மட்டும் தெரிந்த சரியான தேதி அங்கே இருந்தது. அவள் போடவில்லை.

பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி ஒன்று எரிந்தது. ஆன்லைனில் இருக்கிறவருக்கு வருகிற புள்ளி. ஆன்லைன் என்பதைத் தமிழில் எப்படிப் போடுவது என்று ஒரு நாள் முழுக்க யோசித்து, கடைசியில் எளிமையாக இருக்கட்டும் என்று தாரிணியே ஒரு சொல் போட்டிருந்தாள். அந்தச் சொல் அங்கே இருந்தது.

திருநாவுக்கரசு: இருக்கிறார்.

"அழிச்சிரு," என்றாள்.

"முடியல. தலைவரை அழிக்கத் தலைவர் பர்மிஷன் வேணும். நாமதான் அப்டி டிசைன் பண்ணோம்." பிளஸ்ஸன் தொண்டையைச் செருமிக்கொண்டான். "நேம் ஃபைனல் ஆனா இதே செட்டிங் எல்லா வீட்டுக்கும் போவும். திங்கட்கிழமை நக்கோ, வேண்டாம்னு சொல்லிரு. நான் உன் பக்கம் நிக்கிறேன்."

திங்கட்கிழமை காலை. வெயில் பளிச்சென்று அடித்தது. குக்கர் சத்தம், கீழே பள்ளி வேன்களின் ஹாரன், பக்கத்து ஃப்ளாட்டில் தெலுங்குச் செய்தி. பயப்பட ஒரு காரணமும் இல்லாத காலை. தாரிணி ஸ்ரேயாவுக்குத் தலை பின்னி, டிபன் கட்டி, பையை மாட்டிவிட்டு வாசலுக்கு வந்தாள். கைப்பிடியைத் திருப்பினாள்.

கதவு திறக்கவில்லை.

உள்ளே இருந்து திருப்பினால் கரன்ட் இல்லாவிட்டாலும் திறந்தாக வேண்டும் என்று சொல்லித்தான் கடைக்காரன் அந்தப் பூட்டை விற்றான். இன்னொரு முறை திருப்பினாள். பூட்டின் சின்னத் திரையில் எழுத்து ஓடியது. அவள் எழுதிய எழுத்து. 'அனுமதி இல்லை.'

டொக், டொக்.

படுக்கையறையிலிருந்து. அலமாரியிலிருந்து. அணைத்து வைத்த டேப்லெட்டிலிருந்து.

பொடி நெடி ஹாலில் பரவியது. குக்கரின் பருப்பு மணத்தை அது முழுசாக மூடிவிட்டது. தாரிணியின் கால்கள் தானாகவே நின்ற இடத்தில் சேர்ந்துகொண்டன, பாளையங்கோட்டை வாசலில் நின்ற அதே மாதிரி. அதைப் பார்த்தபோதுதான் அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"எங்கட்டி போற?"

அலமாரியிலிருந்து இல்லை. பின்னால். மிக அருகில்.

ஸ்ரேயா பள்ளிப் பையோடு நின்றிருந்தாள். கண் அம்மாவைப் பார்க்கவில்லை. வாய் மட்டும் அசைந்தது. குரல் பிள்ளையுடையது. பேச்சு அதனுடையது இல்லை.

"யாரு கூட?"

பிள்ளையின் கண்ணில் நீர் திரண்டது. பேச வேண்டாம் என்று அது நினைப்பது தெரிந்தது. நிறுத்தத் தெரியவில்லை.

"எப்ப வருவ?"

தாரிணி சமையலறைக்கு ஓடினாள். இஞ்சி இடிக்கிற இரும்புக் குழவி. எடுத்தாள். திரும்பி வந்தாள்.

"சொல்ல மாட்டேன்," என்றாள்.

அடித்தாள். பூட்டின் கண்ணாடி தெறித்தது.

"அன்னைக்கும் சொல்லல. நீ செத்தப்பவும் சொல்லல. இப்பவும் சொல்ல மாட்டேன். என் வீட்டுல வந்து, என் பிள்ளை வாயில உக்காந்து கேட்டா பயந்துருவேன்னு நெனச்சியா?"

அடித்தாள். திருகாணி ஒன்று உருண்டது. அனுமதி இல்லை. அனுமதி இல்லை. அனுமதி.

அடித்தாள்.

கதவு திறந்தது. படிக்கட்டின் வெயில் உள்ளே விழுந்தது. ஸ்ரேயா ஓவென்று அழுது, "அம்மா, பயமேஸ்துந்தி" என்று தெலுங்கில் சொல்லி அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அந்தத் தெலுங்கைக் கேட்டதும் தாரிணிக்குப் போன உயிர் வந்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, கையில் குழவியோடு, அவள் படியிறங்கினாள்.

பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு அவள் ஆபீஸ் போனபோது பெரிய அறையில் அஸ்வினி காத்திருந்தாள். மற்ற மொழிக்காரர்கள் எல்லோரும் சரி சொல்லியாகிவிட்டது.

"எதுக்குங்க வேண்டாங்கறீங்க? தமிழ்ல நல்ல வார்த்தைதானுங்களே?"

"நல்ல வார்த்தைதான். ஆனா வேண்டாம்."

"காரணம் சொல்லோணுமில்லைங்க."

"காரணம் சொல்லணும்னு விதி இல்ல. ஒருத்தர் வேண்டாம்னாப் போதும்னுதான் விதி. நான்தான் தமிழ். நான் வேண்டாங்கறேன்."

யாரோ முணுமுணுத்தார்கள். பிளஸ்ஸன் எழுந்து நின்று, "கடைசிப் பேர் கட்டத்தோட கட்டாயத்தையும் இன்னைக்கே எடுக்கணும், இல்லாட்டி நான் பதிப்பு விட மாட்டேன்," என்றான். அவன் அப்படிக் கறாராகப் பேசி யாரும் பார்த்ததில்லை. அஸ்வினி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் திரையை அணைத்தாள்.

அன்று சாயங்காலம் பிளஸ்ஸன் கட்டத்தைத் திறந்துவிட்டான். இனி அதைக் காலியாக விடலாம். தாரிணி அவன் மேஜையில் உட்கார்ந்து, தன் பெயருக்குப் பின்னால் இருந்ததைக் கடைசி எழுத்திலிருந்து அழித்துக்கொண்டே வந்தாள். சு. ர. க. ஒவ்வொரு எழுத்துக்கும் ஸ்பீக்கரில் டொக் டொக் என்று கேட்டது. அவள் நிறுத்தவில்லை. முன்னால் இருந்த 'தி' போனதும் சத்தம் நின்றது. பச்சைப் புள்ளி சாம்பல் நிறமாயிற்று. அதற்கும் அவள் ஒரு சொல் எழுதித்தான் வைத்திருந்தாள்.

இல்லை.

ஓ.எஸ்.ஸுக்குக் கடைசியில் வைத்த பெயருக்கு எந்த மொழியிலும் அர்த்தம் கிடையாது. அவள் அதற்குச் சந்தோஷமாகச் சரி சொன்னாள். அம்மாவிடமிருந்த டேப்லெட்டைக் கூரியரில் வரவழைத்து, அலமாரியில் இருந்ததோடு சேர்த்துத் திருப்பிக் கொடுத்தாள். டம்ளரைப் பற்றி அம்மா பிறகு பேசவே இல்லை. வாசலுக்குச் சாதாரணத் தாழ்ப்பாள் போட்டாள், பிள்ளை கைக்கு எட்டுகிற உயரத்தில்.

வெளியீட்டு நாளில் ஆபீஸில் லட்டு கொடுத்தார்கள். மதியமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வழியில் கூவி விற்றவனிடம் சீதாப்பழம் வாங்கிக்கொண்டு வந்தாள். ஜெயித்துவிட்டோம் என்று அவளுக்கு வெளிப்படையாகவே சந்தோஷம். சாயங்கால வெயில் ஹாலின் பாதிவரை வந்திருந்தது. கீழே பிள்ளைகள் கத்துகிற சத்தம் கேட்டது. வீட்டில் ஒரு டேப்லெட் இல்லை, பேசுகிற பெட்டி என்று எதுவுமே இல்லை. ஸ்ரேயா செருப்பு மாட்டிக்கொண்டாள்.

"அம்மா, கிந்தகி வெள்தா!"

கீழே போகிறாளாம். தானாகச் சொல்லிவிட்டாள். தாரிணி சிரித்தபடி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

டொக், டொக்.

அவள் சுற்றிலும் பார்த்தாள். எதுவும் இல்லை. பிறகு கதவைப் பிடித்திருந்த தன் கையைப் பார்த்தாள்.

ஆள்காட்டி விரல் நகம். கதவுத் தகட்டின்மேல்.

டொக், டொக்.

அவள் தட்டவில்லை. விரல் தட்டியது. ஸ்ரேயா படியில் நின்று திரும்பினாள். பிள்ளையின் முகத்தில் சிரிப்பு நின்றுபோனது. கால்கள் இரண்டும் சேர்ந்துகொண்டன.

தாரிணியின் மூக்குக்குள் பொடி நெடி. வெளியிலிருந்து இல்லை. உள்ளேயிருந்து. தொண்டை செருமியது. கனத்த, வயதான செருமல். வாய் திறந்தது. நாக்கு எழுந்தது.

"எங்க..."

கடித்தாள்.

முழு பலத்தோடு. பற்களுக்கு நடுவில் அதைப் பிடித்துக் கடித்தாள். உப்பாக வாய் நிறைந்தது. கண்ணில் நீர் முட்டியது. விடவில்லை. இன்னொரு கையால் பிள்ளைக்குச் சைகை காட்டினாள். போ. போய் விளையாடு. போ.

ஸ்ரேயா கொஞ்சம் தயங்கினாள். பிறகு இரண்டிரண்டு படியாகத் தாவிக் கீழே ஓடினாள். வெளிக்கேட் சத்தம். பிள்ளைகள் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் சத்தம்.

தாரிணி திறந்த வாசலில் நின்றாள். மோவாயிலிருந்து ரத்தம் புடவையில் சொட்டியது. சத்தம் வராமல் உதடுகள் அசைந்தன, அசைந்துகொண்டே இருந்தன, அந்தக் கட்டிலில் அசைந்த மாதிரியே. கடித்த கடியை அவள் விடவில்லை. பற்களுக்குப் பின்னால் நாக்கு அந்த மூன்று கேள்வியை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது.